வீட்டுக்கே வந்து நாய்க்குக் கருணை ஊசி போடுவதாகச் சொல்பவரை அழைக்கும் முன்

மதுரை ஆனையூரில் எங்களோடு 13 ஆண்டுகள் வாழ்ந்த சிப்பிப்பாறை நாய் செவலைக்கு, கடந்த ஆவணியில் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வாயெல்லாம் புண்ணாகி, குடித்த தண்ணீரையும் வாந்தியெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டதால், இனி இழுத்துக்கொண்டு போவது அதற்குத் துன்பமே என்று வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரே கூறிவிட்டார். ஆட்டோ சத்தத்துக்கே நடுங்கும் பிராணியைக் கடைசி நேரத்தில் வண்டியில் ஏற்ற மனம் வராமல், வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் முடித்துத் தருவதாக விளம்பரம் செய்திருந்த ஒருவரை அழைத்தேன். எங்கள் மருத்துவரையே வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கலாம். கேட்காதது என் தவறு.

ஊசிக்கு 4,500 ரூபாயும் அடக்கத்துக்கு 3,000 ரூபாயும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார். காலை பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவர், விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தார். இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்க்கவில்லை. நாயின் எடையைக் கேட்கவில்லை. ஒப்புதல் படிவம் எதிலும் கையெழுத்து வாங்கவில்லை. அவரிடம் ஸ்டெதாஸ்கோப்கூட இல்லை என்பதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். ஒரே ஒரு ஊசியில் மருந்தை ஏற்றியதைக் கண்டு, முதலில் மயக்க ஊசி போட வேண்டாமா என்று கேட்டதற்கு, "எல்லாம் இதுலயே கலந்திருக்குண்ணே, ரெண்டு நிமிஷந்தான்" என்றார்.

இரண்டு நிமிடம் அல்ல, ஏறத்தாழ கால் மணி நேரம். செவலை அலறியது, கால்கள் விறைத்தன, என் மடியிலிருந்து எழுந்து ஓடப் பார்த்தது. முடிந்துவிட்டது என்று அவர் பையை மூடிய பிறகும் விலா ஏறி இறங்குவதை என் மனைவி சுட்டிக்காட்டியதால்தான் மீண்டும் ஒரு ஊசி போட்டார். எந்த மருந்து என்று கேட்டோம், புட்டியைக்கூடக் காட்டவில்லை.

பின்னர், தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனையில் பணியாற்றும் மருத்துவர் ஒருவர் முறையை விளக்கினார். சைலசின், கீட்டமின் போன்றவற்றால் முதலில் ஆழ்ந்த மயக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். விரலிடுக்கைக் கிள்ளினாலும் கால் அசையாத நிலை வந்த பிறகே, பென்டோபார்பிட்டால் அல்லது தயோபென்டால் மருந்தை மிகை அளவில் இரத்த நாளத்தில் செலுத்த வேண்டும். அப்போது முதலில் நினைவும், அடுத்து மூச்சும், பிறகு இதயமும் சில நிமிடங்களில் அடங்கும். இதயத் துடிப்பைக் கேட்டும், கருவிழியைத் தொட்டு இமை அசைகிறதா என்று பார்த்துமே இறப்பை உறுதி செய்வார்கள். கண் திறந்தே இருப்பதும், தசை துடிப்பதும், ஓரிரு முறை மூச்சு இழுப்பதும் இறந்த பிறகும் நிகழக்கூடியவை. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அலறி எழுவது அவ்வகையைச் சேர்ந்ததன்று. மெக்னீசியம் சல்பேட்டையோ பொட்டாசியம் குளோரைடையோ மயக்கமின்றிச் செலுத்தினால், பிராணி நினைவோடு இருக்கும்போதே மூச்சோ இதயமோ நின்றுபோகும் என்றும் அவர் கூறினார். அதற்கு மேல் கேட்க என்னால் முடியவில்லை.

அலங்காநல்லூர்ப் பக்கம் தன் தோட்டத்தில் புதைப்பதாக உடலை எடுத்துச் சென்றவர், மறுநாள் பூமாலையோடு இடம் பார்க்கக் கிளம்பிய எங்களுக்குத் தொலைபேசியையே எடுக்கவில்லை. முறையான மருந்தால் இறந்த நாயின் உடலையும் ஆழக் குழி தோண்டித்தான் புதைக்க வேண்டும். தோண்டித் தின்னும் நாய்க்கும் பருந்துக்கும் அந்த மருந்தே நஞ்சாகும்.

1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்றவரே கால்நடை மருத்துவராகத் தொழில் செய்யலாம். வீட்டுக்கு அழைக்கும் முன்பே பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் சரிபாருங்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவரின் பெயர் அங்கே இல்லை என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கொடுத்த மறுநாள், அடக்கத்துக்கு வாங்கிய 3,000 ரூபாயை மட்டும் ஒரு வார்த்தையும் பேசாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்.