எல்லைப்புற நகராட்சி ஒன்றின் சேவைகள்: குடியிருப்பவனின் மதிப்பீடு

தமிழ்நாட்டு எல்லையில் உள்ள வாளையாருக்கு மேற்கே, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தின் ஏழு நகராட்சிகளுள் ஒன்றில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வசிக்கிறது. நகராட்சியின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். குறை சொல்லும் இடங்களில் அங்கே வேலை செய்பவர்களை அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பதே காரணம். வீட்டு வரி கட்டுகிற, குப்பைக் கட்டணம் செலுத்துகிற, சான்றிதழ்களுக்காக அலுவலகப் படியேறுகிற ஒருவனாக, சில ஆண்டுகளாக இந்தச் சேவைகள் எந்த அளவுக்கு முன்னேறியிருக்கின்றன என்பதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நகராட்சி தன் கையிலேயே வைத்திருக்கும் வேலைகள் கண்கூடாக மேம்பட்டிருக்கின்றன; வேறு துறைகளோடு பங்கு போட்டுக்கொள்ளும் வேலைகள் பாதியில் நின்றுவிடுகின்றன; தமிழ்க் குடிமக்களுக்குத் தமிழில் பதில் சொல்லும் வேலை இன்னும் தொடங்கப்படவே இல்லை.

முழு மனதோடு பாராட்ட வேண்டியது குப்பை சேகரிப்பு. குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் மகளிர் சுயஉதவிக் குழு அமைப்பின் பெண்களைக் கொண்டு அமைக்கப்பட்ட ஹரித கர்ம சேனை மாதம் ஒருமுறை வீடு தேடி வந்து மக்காத குப்பையை வாங்கிச் செல்கிறது. மக்கும் குப்பையை நாமே உரமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதால், கோவையிலிருந்து புதிதாகக் குடிவரும் குடும்பங்கள் முதலில் திகைத்துப்போகின்றன. அங்கே தூய்மைப் பணியாளர்கள் தினமும் வண்டியில் வந்து எல்லாவற்றையும் எடுத்துச் செல்வதைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். இங்கே பால் கவரைக்கூட அப்படியே கொடுக்க முடியாது. ஒரு மூலையை மட்டும் வெட்டி, துண்டு தனியே போகாமல் பார்த்து, உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவி, துணிக்கொடியில் காயவைத்து, அடுக்கிக் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் துணிகளோடு மில்மா பால் கவர்களும் கிளிப் போட்டுத் தொங்குவது இப்போது வழக்கமான காட்சி. பச்சைக் கோட்டு அணிந்து வரும் அக்கா கவரைக் கையில் எடுத்து, ஈரமாக இருந்தால் முகம் சுளிக்காமல் திருப்பிக் கொடுத்து, அடுத்த முறை காயவைத்துத் தரும்படி சொல்லிவிட்டு, வாசலில் ஒட்டிய கியூஆர் குறியீட்டைக் கைபேசியில் பதிவு செய்கிறார். எந்த வீட்டில் எடுத்தார்கள், எந்த வீட்டில் எடுக்கவில்லை என்ற கணக்கு அந்த நொடியிலேயே ஏறிவிடுகிறது.

இந்தச் சேவைக்கு எங்கள் வீட்டுக் கட்டணம் மாதம் 70 ரூபாய். இதைக் கொடுக்க மறுப்பவர்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். சேனைப் பெண்களின் வருமானமே இந்தக் கட்டணத்திலிருந்துதான் வருகிறது என்பதைப் பலரும் எண்ணிப்பார்ப்பதில்லை. நாம் மறுக்கும் பணத்தால் குறைவது நகராட்சியின் கஜானா அன்று. வெயிலில் சாக்கு சுமக்கும் பெண்ணின் வீட்டுச் செலவு. கட்டாத தொகையைச் சொத்து வரி பாக்கியோடு சேர்த்து வசூலிக்கச் சட்டத்தில் இப்போது இடமிருக்கிறது. அதைச் செயல்படுத்துவதில் எங்கள் நகராட்சி தயங்குவது தவறு என்றே நினைக்கிறேன்.

வாங்கிய குப்பை எங்கே போகிறது என்பது எல்லையோரத் தமிழர்களுக்கு மற்றவர்களைவிட முக்கியமான கேள்வி. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கொட்டப்பட்டிருந்த கேரளத்து மருத்துவக் கழிவுகளை, தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு, கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து திரும்ப ஏற்றிச் சென்றார்கள். ஒரு மாநிலம் தன் குப்பைக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும் என்பதை அந்த லாரிகள் எல்லோருக்கும் காட்டின. எங்கள் வார்டில் சேகரிக்கப்படுவது முதலில் தெருமுனைக் கம்பிக் கூண்டுக்கும், பிறகு நகராட்சியின் சேகரிப்பு மையத்துக்கும் போய், அங்கே தரம் பிரிக்கப்பட்டு, மாநில அரசின் கழிவு மேலாண்மை நிறுவனமான கிளீன் கேரளா கம்பெனி வழியாக மறுசுழற்சிக்குச் செல்கிறது; மறுசுழற்சிக்கு ஆகாதவை சிமென்ட் ஆலைகளின் சூளைக்குப் போகின்றன. இந்தச் சங்கிலியில் பலவீனமான கண்ணி தெருமுனைக் கூண்டுதான். வண்டி வருவது தாமதமானால் கூண்டு நிரம்பி, மூட்டைகள் வெளியே அடுக்கப்பட்டு, மழைக்காலத்தில் நாய்கள் கிழித்து இழுக்கும் நிலை வருகிறது. வீட்டுக்காரர்கள் கழுவிக் காயவைத்துக் கொடுத்ததை நகராட்சி நனையவிடுவது, அந்தப் பெண்களின் உழைப்பையும் எங்கள் உழைப்பையும் ஒருசேர வீணாக்குகிறது. கூண்டுக்கு மேல் ஒரு தகரக் கூரை போட்டால் போதும். பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை.

அடுத்தது சான்றிதழ்களும் அனுமதிகளும். 2024 ஜனவரி 1 முதல் கேரளத்தின் 6 மாநகராட்சிகளிலும் 87 நகராட்சிகளிலும் கே-ஸ்மார்ட் என்ற இணையச் சேவை நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் அது கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் விரிந்தது. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள், சொத்து வரி, கடை உரிமம், கட்டட அனுமதி, புகார் என்று அனைத்தும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. எங்கள் உறவில் ஒரு திருமணத்தைப் பதிவு செய்தபோது மாப்பிள்ளை வளைகுடாவில் இருந்தார். காணொளி வழியாக அடையாளத்தைச் சரிபார்த்து, அவர் விடுப்பு எடுத்து வராமலேயே, சான்றிதழ் வந்து சேர்ந்தது. முன்பு இதே வேலைக்கு இருவரும் சாட்சிகளோடு அலுவலகத்தில் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. 300 சதுர மீட்டருக்கு உட்பட்ட, அபாயம் குறைந்த வீடுகளுக்கு உரிமம் பெற்ற பொறியாளரின் சுயசான்றை ஏற்று உடனே அனுமதி தரும் ஏற்பாடும் நன்றாக நடக்கிறது. வரைபடக் கோப்பு மேசை மேசையாக நகர்ந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது புரியும்.

ஆனால் இந்த வசதி யாருக்கெல்லாம் எட்டுகிறது என்றும் பார்க்க வேண்டும். உள்ளே நுழைய ஆதாரோடு இணைந்த கைபேசி எண் வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் மில் வேலைக்குப் போனபோது வாங்கி, பிறகு கைவிட்ட சிம்மின் எண்தான் ஆதாரில் இருக்கிறது என்ற நிலையில் எங்கள் தெருவில் பல முதியவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணுக்குப் போகும் ஒருமுறைக் கடவுக்குறியீடு (ஓடிபி) அவர்கள் கைக்கு வருவதே இல்லை. அவர்கள் அரசின் இணையச் சேவைகளுக்கு உதவும் அக்ஷயா மையத்துக்குப் போய்ச் சேவைக் கட்டணம் கொடுத்து விண்ணப்பத்தை நிரப்பச் சொல்கிறார்கள். நிரப்பியது சரியா என்று படித்துப் பார்க்கும் அளவுக்கு மலையாள எழுத்து அவர்களுக்குத் தெரியாது. கணவரின் இறப்புச் சான்றிதழில் பெயர் தவறாகப் பதிவாகி, அதைத் திருத்தாமல் விதவை ஓய்வூதிய விண்ணப்பம் நகராமல் பல வாரங்கள் அலைந்த ஒரு மூதாட்டிக்குத் துணையாக நானே போயிருக்கிறேன். தவறு எங்கே நடந்தது என்று கேட்டபோது, விண்ணப்பத்தில் இருந்ததைத்தான் அச்சிட்டோம் என்றார் ஊழியர். அவர் சொன்னது உண்மை. விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன் அந்த அம்மாவுக்கு ஒருவர் தமிழில் வாசித்துக் காட்டியிருந்தால் அந்த அலைச்சலே இருந்திருக்காது. அலுவலக வாசலில் ஓர் உதவி மேசை போட்டு, தமிழ் வாசிக்கத் தெரிந்த குடும்பஸ்ரீ பெண் ஒருவரை அமர்த்துவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

சொத்து வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2023 முதல் ஆண்டுதோறும் 5 சதவீதம் ஏறுகிறது; ஏப்ரல் மாதத்துக்குள் முழு ஆண்டுக்கும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி கிடைக்கிறது. 60 சதுர மீட்டருக்கு உட்பட்ட சொந்தக் குடியிருப்புக்கு வரி விலக்கு உண்டு. நெசவாளர்கள் கட்டிய சிறு வீடுகள் நிறைந்த எங்கள் தெருவில் இந்த விலக்குக்குத் தகுதியானவர்கள் பலர். அறிவிப்பு மலையாளத்தில் மட்டும் ஒட்டப்பட்டிருந்ததால், விவரம் தெரியாமல் தொடர்ந்து வரி கட்டி வந்தவர்களும் அவர்களிடையே உண்டு.

குடிநீரும் சாலையும்தான் மிகவும் பின்தங்கியிருக்கின்றன. தமிழ்நாட்டில் பொள்ளாச்சி போன்ற நகராட்சியில் தெருக்குழாய்க்குத் தண்ணீர் வராவிட்டால் நகராட்சியைக் கேட்கலாம். விநியோகம் அதன் பொறுப்பு. கேரளத்தில் குழாய் மாநில அளவிலான தனி அமைப்பின் கையிலும், சாலை நகராட்சியின் கையிலும், தெருவிளக்கின் கம்பம் மின்வாரியத்தின் கையிலும் இருக்கிறது. குழாய் பதிக்க எங்கள் தெருவைத் தோண்டியவர்கள் மண்ணை மேலே தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். தார் போடுவதற்கான பணத்தைச் செலுத்திவிட்டதாக ஓர் அலுவலகம் சொன்னது. தொகை இன்னும் வந்து சேரவில்லை என்று மற்றோர் அலுவலகம் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மழைக்காலம் முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் சேற்றில் நடந்தார்கள், இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் விழுந்து எழுந்தார்கள். தோண்ட அனுமதி தரும் நாளிலேயே மூட வேண்டிய தேதியையும் எழுதி, அந்தத் தாளைத் தெருமுனையில் ஒட்டும் வழக்கம் இருந்தால் யாரைக் கேட்பது என்றாவது மக்களுக்குத் தெரியும். தெருவிளக்கைப் பொறுத்தவரை, நிலாவு திட்டத்தில் எல்இடி விளக்குகள் வந்த பிறகு வெளிச்சம் கூடியிருக்கிறது; பழுதானால் மாற்றுவதற்குத்தான் நாள் பிடிக்கிறது.

மக்கள் எதை முதலில் கேட்கிறார்கள் என்பதை நகராட்சி அறிவதற்குச் சட்டம் தந்திருக்கும் வழி வார்டுக் கூட்டம். 1996இல் தொடங்கிய மக்கள் திட்டமிடல் இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தபோது, அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று ஊரார் கூடிப் பேச வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டிய கூட்டம் எங்கள் வார்டில் பெரும்பாலும் வேலைநாள் மதியத்தில் கூடுகிறது. கூலிக்குப் போகிறவர்கள் வர முடிவதில்லை. வருகிற தமிழ்ப் பெண்கள் பின்வரிசையில் அமர்ந்து, பயனாளிப் பட்டியலில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. சாக்கடை மூடியில்லாத இடம், அங்கன்வாடிக்குக் கழிப்பறை இல்லாதது, பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லாதது எல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் கவுன்சிலர் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டத்தை வைத்து, ஒவ்வொரு திட்டத்தையும் தமிழிலும் விளக்கினார். அன்று வராந்தா வரை ஆட்கள் நின்றார்கள். மூடியில்லாத சாக்கடை அந்த ஆண்டுத் திட்டத்தில் இடம்பெற்றதும் அந்தக் கூட்டத்தால்தான். ஒரு தனி மனிதரின் நல்லெண்ணத்தால் நடந்ததை நகராட்சி எல்லா வார்டுகளுக்கும் விதியாக்க வேண்டும்.

தமிழுக்கு இடம் கேட்பதைச் சலுகை கேட்பதாகச் சிலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. குறைதீர்க்கக் கோரும் மனுவை, நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் அளிக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு சொல்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் ஒரு படி மேலே போய், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், அறிவிக்கப்பட்ட சிறுபான்மை மொழிப் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம் என்றும், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்றும் கூறுகிறது. கேரளம் உருவாகி 13 ஆண்டுகளில் எழுதப்பட்ட இந்தப் பெருந்தன்மையான சட்டத்தை மதிக்கிறேன்; அதனாலேயே, நான் தமிழில் கொடுத்த மனுவை வாங்கத் தயங்கிய மேசையைப் பார்த்து வருந்தினேன். பிறகு வாங்கிக்கொண்டார்கள், வேலையும் நடந்தது, பதில் மட்டும் மலையாளத்தில் வந்தது.

இந்தப் பக்கம் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சில யோசனைகள். வந்த உடனே ஆதாரில் உள்ள கைபேசி எண்ணைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாச் சேவைகளுக்கும் அதுதான் வாசல். வாசலில் கியூஆர் அட்டை இல்லையென்றால் சேனை அக்காவிடம் கேட்டு ஒட்டச் செய்யுங்கள். மின்னணுக் கழிவு, கண்ணாடி, பழைய செருப்பு, பை ஆகியவற்றை எந்த மாதம் எடுப்பார்கள் என்ற நாட்காட்டியையும் அவரிடமே வாங்கி, தெரிந்தவரைக் கொண்டு தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் முன் பெயரையும் இனிஷியலையும் எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மனுவைத் தமிழிலேயே தாருங்கள், பதிலையும் தமிழில் தரும்படி மனுவின் கடைசி வரியில் கேளுங்கள், ரசீது எண் வாங்காமல் மேசையை விட்டு நகராதீர்கள்.