பாக்ஸ்ரெக்: ஒரு இளம் பாக்ஸர் ஓவர்ரேட்டடா என்று கண்டுபிடிக்க இது போதுமா?

பாக்ஸிங் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி எப்போதும் உண்டு. இருபது வயதில் ஒரு பையன் வருகிறான், வருகிற எல்லாரையும் ஓரிரு ரவுண்டில் படுக்க வைக்கிறான், ப்ரமோட்டர் அவனை அடுத்த டைசன் என்கிறார், யூடியூப் முழுக்க அவன் குத்திய குத்துகள் ஸ்லோமோஷனில் ஓடுகின்றன. இவன் நிஜமாகவே பெரிய ஆளா, இல்லை வெறும் ஹைப்பா? இதற்குப் பதில் தேடி நம்மில் முக்கால்வாசிப் பேர் முதலில் போய் நிற்கிற இடம் பாக்ஸ்ரெக். நானும் வருடக்கணக்கில் அதைப் பயன்படுத்துகிறேன். அது எதற்கு உதவும், எந்த இடத்தில் கைவிடும் என்பதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். அந்தப் பக்கத்தைத் தப்பாகப் படித்துவிட்டு இளம் வீரர்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவதும், ஒரு சண்டை சரியில்லை என்றதும் கீழே போட்டு மிதிப்பதும் ரொம்ப அதிகமாகிவிட்டது, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பாக்ஸ்ரெக் என்பது தொழில்முறை குத்துச்சண்டைகளின் பதிவேடு. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஷெப்பர்ட் 2000-இல் தொடங்கியது. ஒரு கணக்குத் தொடங்கினால் போதும், ஒரு வீரருடைய மொத்தச் சண்டைகளையும் காசில்லாமல் பார்க்கலாம். தேதி, எதிராளி, இடம், முடிவு, எத்தனையாவது ரவுண்டு எல்லாம் வரிசையாக இருக்கும். சண்டையைத் தட்டினால் நடுவர்கள் யார், எவ்வளவு புள்ளி போட்டார்கள் என்பதும் வரும்.

இதில் நான் தங்கம் என்று சொல்வது எதிராளியின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன விஷயத்தை. அந்தச் சண்டைக்கு வரும்போது எதிராளி எத்தனை ஜெயித்திருந்தார், எத்தனை தோற்றிருந்தார் என்ற எண்ணும், அவருடைய கடைசி ஆறு சண்டைகளின் முடிவும் சின்னச் சின்னக் கட்டங்களாக இருக்கும். பச்சை என்றால் வெற்றி, சிவப்பு தோல்வி, நீலம் சமன். மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற '16-0', அதாவது பதினாறு வெற்றி, தோல்வியே இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு இந்தக் கட்டங்களை மேலிருந்து கீழே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பாதிக்கு மேல் சிவப்பாக இருந்தால் அந்தப் பதினாறுக்கு என்ன மதிப்பு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். எல்லாம் பச்சையாக இருந்தாலும் உடனே நம்ப வேண்டாம், அந்த எதிராளியின் பெயரைத் தட்டி அவர் யாரை ஜெயித்தார் என்று இன்னொரு படி உள்ளே போக வேண்டும். ஊர்ப்பக்கம் சின்ன மேடைகளில் தரமில்லாத ஆட்களை அடித்து ரெக்கார்டைப் பளபளவென்று வைத்திருக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

உதாரணத்துக்கு எட்கர் பெர்லாங்கா. நியூயார்க் புரூக்ளின் பையன், போர்ட்டோரிக்கோ வம்சாவளி, 2016-இல் தொழில்முறைக்கு வந்தார். முதல் 16 சண்டையும் முதல் ரவுண்டிலேயே நாக்அவுட். பதினாறும்! அதிலும் 2020-இல் கொரோனா காரணமாக வேறு விளையாட்டு அதிகம் இல்லாமல் மக்கள் டிவி முன்னால் ஏங்கிக்கொண்டிருந்த நேரத்தில் லாஸ் வேகஸில் பார்வையாளர் இல்லாத அரங்கில் மூன்று தடவை வந்து மூன்று பேரையும் முதல் ரவுண்டிலேயே முடித்தார். ஹைப் அதற்கப்புறம்தான் வெடித்தது. ஆனால் அவருடைய பாக்ஸ்ரெக் பக்கத்தை அப்போது நிதானமாகப் பார்த்திருந்தால் ஒரு விஷயம் முகத்தில் அடித்த மாதிரி தெரிந்திருக்கும்: தொழில்முறையில் இந்தப் பையன் இரண்டாவது ரவுண்டு மணியையே கேட்டதில்லை. அவனுக்கு மூச்சு தாங்குமா, ஐந்தாவது ரவுண்டில் கை இறங்குமா, வாங்கிக் கட்டிக்கொண்டால் நிதானம் இருக்குமா, எதுவுமே யாருக்கும் தெரியாது. வெற்றிகள் நிறைய, தகவல் ரொம்பக் கொஞ்சம். மதிப்பிட முடியாத ஆளை மதிப்பிட்டுவிட்டதாக நினைத்ததுதான் அங்கே நடந்த தப்பு.

2021 ஏப்ரலில் டெமண்ட் நிக்கல்சன் வந்தார். நான்கு தடவை கீழே விழுந்தார், நான்கு தடவையும் எழுந்தார், எட்டு ரவுண்டும் முழுசாகப் போனது. அதே வருடம் அக்டோபரில் மார்செலோ கோசெரெஸ் ஒன்பதாவது ரவுண்டில் பெர்லாங்காவையே கீழே தள்ளினார், பெர்லாங்கா புள்ளிகளில்தான் ஜெயித்தார். அதற்கு அடுத்து ஸ்டீவ் ரோல்ஸ், அலெக்ஸிஸ் ஆங்குலோ, இரண்டுமே பத்து ரவுண்டு. ஆங்குலோவுடன் நடந்த சண்டையில் நாக்அவுட் வரவில்லை என்ற ஆத்திரத்திலோ என்னவோ, எதிராளியைக் கடிக்கப் போனார். நியூயார்க் ஆணையம் ஆறு மாதம் தடையும் 10,000 டாலர் அபராதமும் போட்டது. அப்புறம் 2024 செப்டம்பரில் பல எடைப் பிரிவுகளில் உலகப் பட்டம் வென்ற மெக்சிகோவின் கனெலோ ஆல்வரெஸ் மூன்றாவது ரவுண்டில் கீழே தள்ளி, பன்னிரண்டு ரவுண்டு முடிவில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். 2025 ஜூலையில் ஹம்ஸா ஷீராஸ் ஐந்தாவது ரவுண்டில் முடித்தே விட்டார்.

ஆக பெர்லாங்கா ஓவர்ரேட்டடா? ஆமாம், சந்தேகமில்லை. ஆனால் மோசமான பாக்ஸரா என்றால் இல்லை. கனெலோவிடம் பன்னிரண்டு ரவுண்டு நிற்பதற்கு உடம்பும் மனசும் வேண்டும், அது எல்லாருக்கும் முடியாது. பிரச்சினை அவரிடம் இல்லை, அந்தப் பதினாறு என்ற எண்ணை வைத்து நாம் கட்டிய கோட்டையில் இருந்தது. டைரோன் பிரன்சன் என்று ஒருவர் இதற்கும் மேல் போய் முதல் 19 சண்டையை முதல் ரவுண்டில் முடித்தார், இருபதாவது சமனில் முடிந்தது, உலகப் பட்டம் பக்கமே வரவில்லை. அதற்காக நாக்அவுட் வரிசை என்றாலே பொய் என்றும் சொல்ல முடியாது. டியான்டே வைல்டர் 32 பேரை வரிசையாக நாக்அவுட் செய்துவிட்டுத்தான் 2015-இல் பெர்மேன் ஸ்டிவர்னிடம் பன்னிரண்டு ரவுண்டு ஆடி உலகப் பட்டம் வாங்கினார்.

சரி, தோற்ற ரெக்கார்டு வைத்திருக்கிற எதிராளிகள் எல்லாம் குப்பையா? இங்கேதான் நிறையப் பேர் பாக்ஸ்ரெக்கைத் தப்பாகப் படிக்கிறார்கள். இங்கிலாந்தில் பீட்டர் பக்லி என்று ஒருவர் இருந்தார், 300 சண்டை, அதில் 256 தோல்வி. அந்தச் சிவப்புக் கட்டங்களைப் பார்த்துச் சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பின்னாளில் உலக சாம்பியனான நசீம் ஹமீது உட்பட எத்தனையோ இளம் வீரர்கள் அவரோடு ரவுண்டு ஆடித்தான் தொழில் கற்றுக்கொண்டார்கள். எப்படி அடி வாங்காமல் தப்பிப்பது, எப்போது கட்டிப்பிடிப்பது, மூலையிலிருந்து எப்படி வெளியே வருவது என்பதெல்லாம் தெரிந்த இப்படிப்பட்ட ஆட்களை ஜர்னிமேன் என்பார்கள். இவர்களிடம் ஒரு பையன் ஆறு ரவுண்டு போய்ப் புள்ளிகளில் ஜெயித்தால் அது முதல் ரவுண்டு நாக்அவுட்டை விட நமக்கு அதிகம் சொல்லும். ஜாப், அதாவது முன்கையால் நேராக விடுகிற குத்து இருக்கிறதா, அடி விழவில்லை என்றால் பதறுகிறானா, உடம்புக்குக் குத்தத் தெரியுமா என்று முழு ஆறு ரவுண்டும் பார்க்கலாம் இல்லையா.

இனி பாக்ஸ்ரெக் கைவிடுகிற இடங்கள். எண்கள் சில நேரம் இரண்டு பக்கமும் ஏமாற்றும். நம் விஜேந்தர் சிங் 2015-இல் தொழில்முறைக்குப் போனார், 12 சண்டை, 12 வெற்றி. 2021 மார்ச்சில் கோவாவில் ரஷ்யாவின் ஆர்ட்டிஷ் லோப்சன் வந்தபோது ரெக்கார்டை மட்டும் பார்த்தவர்கள் சுலபமான சண்டை என்றார்கள், ஏனென்றால் லோப்சனுக்கு மொத்தமே ஆறு சண்டைதான் அனுபவம். ஆனால் அவர் விஜேந்தரை விட இளையவர், உயரம் அதிகம். விஜேந்தருக்கு 35 வயது, 2019 நவம்பருக்கு அப்புறம் ரிங்கில் இறங்கவே இல்லை. ஐந்தாவது ரவுண்டில் சண்டை நிறுத்தப்பட்டது, விஜேந்தர் தோற்றார். வயது, இடைவெளி, உயரம் எல்லாம் பக்கத்தில் எங்கேயோ இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கண் நேராகப் போவது வெற்றி தோல்வி எண்ணுக்கு.

அடுத்து அந்த ரேங்கிங். அது கணினி போடுகிற கணக்கு, ஆட்கள் உட்கார்ந்து சண்டை பார்த்துப் போடுவதில்லை. நடுவர் தப்பாகக் கொடுத்த தீர்ப்பும் அதற்கு வெற்றிதான். ஒரு வருடம் ஆடாவிட்டால் பெயரே பட்டியலில் இருக்காது. பெரிய வீரர்கள் யார் யாருக்கு மேலே என்று தோராயமாகப் பார்க்கச் சரி. பத்துச் சண்டை ஆடிய பையன் இத்தனையாவது இடம் என்பதை வைத்து வாக்குவாதம் செய்வதில் எனக்கு உடன்பாடே இல்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை அமெச்சூர் கணக்கு, அதாவது தொழில்முறைக்கு வருமுன் ஒலிம்பிக் மாதிரிப் போட்டிகளில் ஆடிய சண்டைகள். இளம் வீரரைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியதில் பாதி அங்கேதான் இருக்கிறது, அது அந்தச் சண்டை வரிசையில் வராது. தொழில்முறையில் எதிராளியைத் தேர்ந்தெடுப்பது மேட்ச்மேக்கர். அமெச்சூர் போட்டியில் குலுக்கலில் யார் வந்தாலும் ஆட வேண்டும், கியூபாக்காரனோ உஸ்பெக்காரனோ. அங்கே ஜெயித்து வந்தவனை எளிதில் ஓவர்ரேட்டட் என்று ஒதுக்க முடியாது.

மோசஸ் இட்டாமா விஷயத்தில் என் கருத்து அதனால்தான் வேறு. ஸ்லோவாக்கியாவில் பிறந்து இங்கிலாந்தின் கென்ட்டில் வளர்ந்த இடக்கை ஹெவிவெயிட், 2022-இல் அமெச்சூர் உலக யூத் போட்டியில் தங்கம். 2025 ஆகஸ்டில் ரியாத்தில் டில்லியன் வைட்டை முதல் ரவுண்டில் முடித்தபோது வயது 20, ரெக்கார்டு 13-0, அதில் 11 நாக்அவுட். மீதி இரண்டும் ஆறு ரவுண்டு முழுக்கப் போனவை. பக்கத்தைப் பார்த்தால் பெர்லாங்கா மாதிரியே இருக்கும். வைட்டை 2015-இல் ஆந்தனி ஜோஷுவா ஏழாவது ரவுண்டிலும் 2022-இல் டைசன் ஃப்யூரி ஆறாவது ரவுண்டிலும் முடித்தார்கள், இந்தப் பையன் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டான் என்று எண்ணை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை, வைட்டுக்கு 37 வயது ஆகிவிட்டது. ஆனால் சண்டையைப் பாருங்கள். முன்னங்கையால் எதிராளியின் கையை அடக்கி, காலை வெளிப்பக்கம் வைத்து, கோணம் பிடித்து அடிக்கிறார், குத்து விழுந்ததும் அதே இடத்தில் நின்று ரசிப்பதில்லை. பெர்லாங்கா அந்த வயதில் கால்களை நட்டு வைத்துப் பலத்தை நம்பி வீசினார். இந்த வித்தியாசத்தைப் பாக்ஸ்ரெக் காட்டாது, காட்டவும் முடியாது. இட்டாமா ஓவர்ரேட்டட் இல்லை, ஆனால் ஏழாவது எட்டாவது ரவுண்டில் என்ன ஆவார் என்பது வைட் சண்டை முடிந்தபோதும் தெரியாத விஷயம்தான்.

அவசரத் தீர்ப்புக்கு எதிராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன ஷீராஸ் 2025 பிப்ரவரியில் கார்லோஸ் அடாமெஸுடன் சமன் செய்தபோது அவரைத்தான் எல்லாரும் ஓவர்ரேட்டட் என்றார்கள், பலர் அடாமெஸ் ஜெயித்ததாகவே சொன்னார்கள். ஆறடி மூன்றங்குல ஆள் 160 பவுண்டுக்கு உடம்பை வற்ற வைத்துக்கொண்டு ஆடினார். அடுத்த எடைப் பிரிவான 168 பவுண்டுக்கு ஏறினார், பயிற்சியாளரை மாற்றி ஆண்டி லீயிடம் போனார், ஐந்து மாதத்தில் பெர்லாங்காவை ஐந்தாவது ரவுண்டில் நிறுத்தினார். பக்கத்தில் ஒரு நீலக் கட்டமும் அதற்குமேல் ஒரு பச்சையும் மட்டும் தெரியும், நடுவில் நடந்தது தெரியாது.

சேவையாகப் பார்த்தால் பாக்ஸ்ரெக்குக்கு மாற்று எனக்குத் தெரிந்து இல்லை. இவ்வளவு தகவலை இலவசமாகத் தருவதற்கே நன்றி சொல்ல வேண்டும். போன் திரையில் கட்டங்கள் ரொம்பச் சின்னதாக இருக்கும், முடிந்தால் கணினியில் திறந்து பாருங்கள். பதிவை அங்கே பாருங்கள், அப்புறம் அந்த வீரர் நீண்ட தூரம் போன ஒரே ஒரு சண்டையை முழுசாகத் தேடிப் பாருங்கள், ஹைலைட்ஸ் வேண்டாம்.

அடுத்து நான் இப்படிப் பின்தொடர்வது நிஷாந்த் தேவ் என்ற நம் இந்திய வீரரை. 2023 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம், 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் மார்கோ வெர்டேயிடம் பலருக்கும் ஏற்பில்லாத தீர்ப்பில் தோல்வி, 2025 ஜனவரியில் லாஸ் வேகஸில் முதல் தொழில்முறைச் சண்டை, முதல் ரவுண்டு வெற்றி. அதைப் பார்த்து இங்கே சிலர் உலக சாம்பியன் என்றே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அவரை எட்டு ரவுண்டு ஓட வைக்கிற, கடைசி ஆறு கட்டங்களில் குறைந்தது நாலு பச்சையாக இருக்கிற ஒரு எதிராளி அந்தப் பக்கத்தில் வரட்டும், அன்றைக்குப் பேசலாம்.