11 வருஷம் லேப், இப்ப நர்சிங் முதல் வருஷம்: 8 மாசம் ஆன்கி ஆப் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

11 வருஷம் லேப் டெக்னீஷியனா இருந்துட்டு இப்ப நர்சிங் படிக்கப் போயிருக்கேன். கிளாஸ்ல பக்கத்து சீட்டுல இருக்க பொண்ணு நான் வேலைக்குச் சேந்தப்ப ரெண்டாங்கிளாஸ் படிச்சிட்டு இருந்திருக்கும். அவளுக்கு ஒரு தடவ படிச்சா நிக்குது, எனக்கு ராத்திரி படிச்சது காலையில இல்ல. முதல் மாசம் பார்மகாலஜி நோட்ஸ் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர் போட்டு திரும்பத் திரும்ப வாசிச்சேன், படிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும், டெஸ்ட்ல பேப்பரப் பாத்தா மருந்து பேரு மட்டும் ஞாபகம் வருது எதுக்குக் குடுக்கணும்னு வரல. அப்ப ஒரு சீனியர் சொல்லித்தான் கார்டு வச்சு கேள்வி கேட்டு ஞாபகத்துல நிக்க வைக்கிற ஆன்கிங்கிற ஆப்ப போட்டேன், 8 மாசம் ஆச்சு, ஒரு நாள் கூட விடல.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். முன்பக்கம் கேள்வி பின்பக்கம் பதில்னு நம்மளே கார்டு எழுதணும். பதில் காட்டினதும் எகெய்ன், ஹார்ட், குட், ஈசின்னு 4 பட்டன் வரும். சரியா சொல்லிட்டே வந்தா அடுத்த தடவ 4 நாள் கழிச்சு, அப்புறம் 10 நாள், அப்புறம் ஒரு மாசம்னு தள்ளிட்டே போகும், மறந்தா கிட்ட வந்துரும். மறக்கப் போற நேரமாப் பாத்து கேக்குறதுதான் இதோட வேலையே. மறதி எந்த வேகத்துல நடக்குதுன்னு எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன் உளவியல் ஆய்வாளர் தன் மேலயே சோதனை பண்ணி 1885ல எழுதி வச்சிட்டாரு, அதே அடிப்படைதான். 2023ல வந்த 23.10 வெர்ஷன்ல இருந்து எஃப்எஸ்ஆர்எஸ்னு புது கணக்கு முறையும் உள்ளயே இருக்கு, டெக் (அதாவது கார்டுக் கட்டு) செட்டிங்ஸ்ல ஆன் பண்ணிக்கலாம், கார்டு வரும்போது 90 சதவீதம் ஞாபகம் இருக்கணும்ங்கிற மாதிரி இலக்கு வச்சு நாள் கணக்குப் போடும்.

இதுல நான் பண்ண பெரிய தப்பு ஒன்னு. பதில் மறந்து போனாலும் "எகெய்ன்" அமுக்க மனசு வராம "ஹார்ட்" அமுக்கிட்டு இருந்தேன், ரெண்டு மாசம். ஹார்ட்னா கஷ்டப்பட்டு ஞாபகம் வந்துச்சுன்னு அர்த்தம், ஆப் அத பாஸ்னுதான் எடுத்துக்கும், அதனால எனக்குத் தெரியாத கார்டெல்லாம் தெரிஞ்ச மாதிரி தள்ளித் தள்ளிப் போயிருச்சு. ஞாபகம் வரலன்னா எகெய்ன்தான், வேற பேச்சே இல்ல.

இன்னொன்னு, இலவசமா கிடைக்குதேன்னு யாரோ எழுதின ரெடிமேட் டெக் இறக்கினேன், ஆயிரக்கணக்குல கார்டு. அதுல பாதி எனக்கு ஏற்கனவே தெரிஞ்சது, நார்மல் வேல்யூ எல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன், மீதி நான் புரிஞ்சுக்காத விஷயம், புரியாம மனப்பாடம் பண்ணி என்ன செய்ய. மூணாவது வாரம் மொத்தமா அழிச்சேன். புதுசா படிக்க வர்ற சின்னப் பசங்களுக்கு அது ஒத்து வரலாம். நம்ம மாதிரி ஏற்கனவே ஒரு வேலை பாத்துட்டு வந்தவங்க நம்ம கார்ட நம்மளே எழுதணும், அதுவும் பழைய வேலை எங்க முடியுதோ அந்த இடத்துல இருந்து எழுதணும்.

பொட்டாசியத்த எடுத்துக்கங்க. 3.5ல இருந்து 5 வரை நார்மல், 6.8னு வந்தா லேப்ல முதல்ல சாம்பிள் ஹீமோலைஸ் ஆயிருக்கான்னு, அதாவது ரத்த சிவப்பணு உடைஞ்சிருக்கான்னு பாப்போம், கால்சியமும் கூடவே ரொம்பக் கம்மியா இருந்தா ஊதா மூடி ட்யூப்ல ரத்தம் உறையாம இருக்கப் போட்டிருக்க ஈடிடிஏ கலந்திருக்கும்னு சந்தேகப்படுவோம், எல்லாம் சரின்னா வார்டுக்கு போன் பண்ணி நம்பரச் சொல்லி அவங்க திருப்பிச் சொல்றதக் கேட்டு நேரம் எழுதி வைப்போம். அதோட என் வேலை முடிஞ்சுது. இத கார்டா எழுதல, தேவையில்ல. நான் எழுதின கார்டு இப்படி: முன்பக்கம் "பொட்டாசியம் 6.8, ஈசிஜில டி வேவ் கூரா உயரமா நிக்குது, கால்சியம் குளுக்கோனேட் எதுக்கு?" பின்பக்கம் "பொட்டாசியத்தக் குறைக்க இல்ல, இதயத்தக் காப்பாத்த. பொட்டாசியத்த செல்லுக்குள்ள தள்றது இன்சுலினும் குளுக்கோஸும்." இன்னொன்னு "டிகாக்சின் (இதயத்துக்குக் குடுக்குற மருந்து) எடுக்குற பேஷன்ட்டுக்கு பொட்டாசியம் குறைஞ்சா என்ன பயம்?" பதில், மருந்தோட நச்சுத்தன்மை கூடும், இதயத் துடிப்போட ரிதம் கெடும்.

போன மாசம் வார்டு போஸ்டிங்ல போன் அடிச்சுது, ஸ்டாஃப் நர்ஸ் எடுத்தாங்க, லேப்ல இருந்து பொட்டாசியம் 2.6. அவங்க பேனாவ எடுத்து கையுறை டப்பா மேலயே எழுதி திருப்பிச் சொன்னாங்க. அவங்க ரிசீவர வைக்கறதுக்குள்ள நான் மருந்து சார்ட்டப் பாத்துட்டேன், டிகாக்சின் இருந்துச்சு, சொன்னேன். "சரியா பாத்த, மானிட்டர் போடு, நான் டாக்டரக் கூப்பிடறேன்"னாங்க. 11 வருஷமா அந்தப் போன்ல லேப் பக்கம் நின்னவ நான், வார்டு பக்கம் என்ன நடக்கும்னு அன்னைக்குத்தான் கண்ணால பாத்தேன், கை நடுங்குச்சு.

படத்த மறைச்சு கேக்குற இமேஜ் அக்லூஷன் வசதியும் 23.10ல இருந்து உள்ளயே இருக்கு, அனாடமிக்கு இதுக்கு மேல ஒன்னும் வேணாம். முழங்கை மடிப்புல ஆயிரக்கணக்குல ஊசி குத்தியிருக்கேன், விரல் வச்சா வெயின் எங்கன்னு தெரியும், ஆனா அதுக்கு அடியிலயே பிரேக்கியல் ஆர்ட்டரியும் மீடியன் நெர்வும் எந்தப் பக்கம் ஓடுதுன்னு படத்துல காட்டச் சொன்னா முழிச்சேன். நாம பேச்சுல வெயினையும் நரம்புங்கிறோம் நெர்வையும் நரம்புங்கிறோம், அந்தக் குழப்பமே எனக்கு இந்தப் படத்துலதான் தீந்துச்சு.

இதுக்கு ஒத்து வராததும் இருக்கு. ட்ரிப் ரேட் கணக்க, அதாவது குளுக்கோஸ் மாதிரி ஏத்தும்போது நிமிஷத்துக்கு எத்தன சொட்டுங்கிறத, கார்டுல போடாதீங்க. 500 மில்லி 4 மணி நேரத்துல, மில்லிக்கு 20 சொட்டுன்னா நிமிஷத்துக்கு 42னு கார்டு போட்டா 42 மட்டும்தான் ஞாபகம் நிக்கும், கணக்கு வராது. அத பேப்பர்ல வேற வேற நம்பர் வச்சுப் போட்டுப் பழகணும். பேஷன்ட்கிட்ட எப்படிப் பேசணும்ங்கிறதும் அப்படித்தான், லேப்ல ட்யூப்கிட்ட பேசிப் பழகின எனக்கு அதுதான் இன்னும் கஷ்டம், அதுக்கு வார்டுதான், ஆப் இல்ல.

கம்ப்யூட்டர்லயும் ஆண்ட்ராய்டுலயும் இலவசம், ஐபோன் ஆப்புக்கு மட்டும் காசு, அது வேணாம்னா பிரவுசர்ல ஆன்கிவெப்ல ரிவ்யூ (பழைய கார்ட திரும்பப் பாக்குறது) பண்ணலாம். போன்லயும் லேப்டாப்லயும் மாத்தி மாத்தி யூஸ் பண்றவங்க ஒன்ன மூடறதுக்கு முன்னாடி சிங்க் பண்ணிருங்க. பாக்க அழகா இருக்காது, செட்டிங்ஸ் புரிய ஒரு வாரம் ஆகும், பயப்பட வேணாம்.

புது கார்டு ஒரு நாளைக்கு 20னு தானா செட் ஆகியிருக்கும், வேலையும் பாத்துட்டுப் படிக்கிறவங்க அத அப்படியே விடாதீங்க. 20 புதுசுன்னா கொஞ்ச வாரத்துல தினமும் 200 கிட்ட ரிவ்யூ சேந்துரும், நைட் ஷிப்ட் ரெண்டு நாள் தொடர்ச்சியா வந்தா மலை மாதிரி நிக்கும், அந்த நம்பரப் பாத்து விட்டுட்டுப் போனவங்க எங்க கிளாஸ்லயே மூணு பேர். நான் 8 வச்சிருக்கேன், நைட் ஷிப்ட் வாரத்துல 0. ரிவ்யூ மட்டும் முடிச்சிருவேன், பிரேக்ல பாதி, வீட்டுக்கு வந்து பாதி. கிளாஸ் தொடங்குற முதல் வாரமே ஆரம்பிங்க, பரீட்சைக்கு 10 நாள் இருக்கும்போது இத இறக்கி ஒரு பிரயோஜனமும் இல்ல, இடைவெளி விட்டு கேக்க அதுக்கு நாளே இருக்காது.