ஸ்ட்ரைடு பியானோவின் இடக்கையைக் கேட்க ஒரு ஊசி: ஆடியோ டெக்னிக்கா விஎம்95எஸ்பி

ஸ்ட்ரைடு என்ற பழைய ஜாஸ் பியானோ பாணிக்கு உயிர் இடக்கையில் இருக்கிறது. முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும் மந்திர ஸ்தாயி ஸ்வரம், இரண்டிலும் நான்கிலும் நடுவில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) என்று கை தாவிக்கொண்டே இருக்கும். 78 ரெக்கார்டை (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டு) பின்னால் வந்த எல்பி தட்டுக்கான ஊசியில் போட்டால் இந்தத் தாவல்தான் முதலில் மங்கும். எல்பி முனை 0.7 மில் (ஒரு மில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 78-இன் பள்ளம் அகலம். சின்ன முனை அடியில் போய் உட்கார்ந்து அழுக்கைச் சுரண்டும். விஎம்95எஸ்பியின் முனை 3 மில். இரு சுவரையும் பிடித்து ஓடுகிறது.

ஃபேட்ஸ் வாலர் 1929-இல் வாசித்த 'ஹேண்ட்ஃபுல் ஆஃப் கீஸ்' போட்டால் கீழ் ஸ்வரங்கள் உருண்டு திரண்டு விழுகின்றன. ஜேம்ஸ் பி. ஜான்சனின் 'கரோலினா ஷவுட்' 1921. மைக் வருவதற்கு முன்பு, கொம்பு வைத்துப் பதிந்தது. அதில் அடி ஸ்வரம் மெலிவுதான், எந்த ஊசியும் அதை ஏற்றித் தராது. ஆனால் இடக்கை எட்டை 3+3+2 என்று உடைக்கும் இடம் பிசிறில்லாமல் கேட்கிறது. தவில் கணக்கில் ஊறிய தஞ்சாவூர்க் காதுக்கு அந்த இடம் ஒன்று போதும்!

ஊசி தட்டை அழுத்த வேண்டிய எடை 5 கிராம். பல டர்ன்டேபிள்களில் எடை வைக்கும் அளவு வளையம் 4-ஓடு நின்றுவிடும், அதனால் தனி எடைக்கருவி வேண்டும். பயந்து 2 கிராம் வைத்தால் பலத்த கார்டில் ஊசி குதித்துச் சுவரைக் கொத்தும். விஎம்95 கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பாகம்) ஏற்கெனவே இருந்தால் ஊசியை மட்டும் மாற்றலாம். இதை எல்பி மேல் வைத்துவிடாதீர்கள், பள்ளம் பாழாகும். மோனோ பட்டன் போட்டால் கரகரப்பு நன்றாகக் குறையும்.

வேகம் பார்க்கும் கோட்டுத் தட்டில் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்கு 77 கோடு இருக்க வேண்டும். 92 கோடு அமெரிக்காவுக்கு. வேகம் சரியென்றால் கோடு அசையாமல் நிற்பதுபோல் தெரியும், ஆனால் எல்இடி வெளிச்சத்தில் பெரும்பாலும் நிற்காது. சோக் வைத்த பழைய டியூப்லைட் அடியில் பாருங்கள்.

ஐப்பசி மழையில் டெல்டா வீட்டு பீரோவில் தட்டுக்குப் பூசணம் பிடிக்கும். ஸ்பிரிட், சானிடைசர் தொடவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். பேட்டரித் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு போதும், லேபிள் நனையாமல் துடையுங்கள். நாகப்பட்டினம் பக்கத்து உப்பு போர் தண்ணீர் வேண்டாம். காய்ந்தால் பள்ளத்தில் வெள்ளையாகப் படியும்.

ஒரு குறை: இரும்பு ஊசி தேய்த்த தட்டில் 3 மில் முனை அதே தேய்ந்த இடத்தில்தான் ஓடும். அதற்குச் சற்று மெலிந்த 65 மைக்ரான் (சுமார் 2.5 மில்) முனை மேல். வீட்டில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் 78 தட்டு இருந்தால் அதற்கும் இதே ஊசி, இதே 5 கிராம்.