லண்டன் கூரையில் சோலார்: பேனலா, பேட்டரியா, இரண்டுமா?

"இந்தக் குளிரில் சோலார் வேலை செய்யுமா?" பிரிட்டனில் பேனல் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதுதான். குளிர் பேனலுக்கு நல்லது. வெப்பம் ஒரு டிகிரி குறைய, உற்பத்தித் திறன் சுமார் 0.3 சதவீதம் கூடும். கவலைப்பட வேண்டியது டிசம்பர் நிழலைப் பற்றி. டிசம்பர் 21 நண்பகலில்கூட லண்டனில் சூரியன் அடிவானத்திலிருந்து 15 டிகிரிதான் ஏறும், கிளாஸ்கோவில் 11 டிகிரிகூட இல்லை. பத்து மீட்டர் மரம் லண்டனில் 37 மீட்டருக்கும் கிளாஸ்கோவில் 50 மீட்டருக்கு மேலும் நிழல் போடும்.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். தெற்கு பார்த்த மாடி ஜன்னலில் நின்று கையை நேராக நீட்டி, அடிவானத்தின் மேல் முஷ்டியை வையுங்கள். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. லண்டனில் ஒன்றரை முஷ்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரமும் எதிர்வீட்டுப் புகைபோக்கியும் குளிர்காலத்தில் உங்கள் கூரையை மறைக்கும். ஒவ்வொரு பேனலின் பின்னாலும் ஆப்டிமைசர் என்ற சிறு மின்கருவியை மாட்டினால் நிழல் விழுந்த பேனல் மற்றவற்றை இழுத்துப் பிடிப்பது குறையும். ஆனால் வராத வெளிச்சத்தை அதனால் கொண்டுவர முடியாது.

440 வாட் பேனல் ஒன்பது என்று வைத்துக்கொள்வோம்; சுமார் 18 சதுர மீட்டர் இடம் பிடிக்கும். தெற்குச் சரிவில் லண்டனில் ஆண்டுக்கு 3,800 யூனிட், கிளாஸ்கோவில் 3,300 யூனிட் அளவில் எதிர்பார்க்கலாம். கிழக்கிலும் மேற்கிலும் பிரித்துப் போட்டால் 15 முதல் 20 சதவீதம் குறையும். ஆனால் காலைச் சமையலுக்கும் மாலை நேரத்துக்கும் மின்சாரம் கிடைப்பதால், எல்லோரும் பகலில் வெளியே போகும் வீட்டுக்கு அது மோசமான ஏற்பாடு இல்லை. வடக்குச் சரிவை விட்டுவிடுங்கள். ஜூனில் நாளுக்கு 16 யூனிட் தரும் தெற்குக் கூரை டிசம்பரில் மூன்று, நான்கு யூனிட்தான் தரும்.

இனிக் கணக்கு. வாங்கும் யூனிட் 25 பென்ஸ், கிரிட்டுக்கு விற்கும் யூனிட் 12 பென்ஸ், இரவுச் சலுகை யூனிட் 8 பென்ஸ் என்று கொள்வோம். வீட்டுச் செலவு ஆண்டுக்கு 2,700 யூனிட்.

பேனல் மட்டும் போட்டால், பகலில் ஆளில்லாத வீடு உற்பத்தியில் முப்பது சதவீதம் அளவுதான் பயன்படுத்தும். அது 285 பவுண்டு மிச்சம், விற்பது 319 பவுண்டு. ஆகமொத்தம் 600 பவுண்டு. வேலைக்காகக் கட்டும் சாரத்தோடு சேர்த்து 6,500 பவுண்டு செலவானால் பதினோரு ஆண்டில் போட்ட பணம் திரும்பும்.

அதோடு 3,000 பவுண்டுக்கு 5 யூனிட் பேட்டரியைச் சேர்த்து, பகல் வெயிலைச் சேமித்து இரவில் எரிப்பதுதான் விற்பனையாளர்கள் சொல்லும் வழி. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சேமித்த ஒவ்வொரு யூனிட்டும் விற்றிருந்தால் 12 பென்ஸ் தந்திருக்கும். ஆகவே உண்மையான லாபம் 13 பென்ஸ்தான். ஆண்டுக்கு 760 யூனிட்டை அப்படி நகர்த்தினால் 100 பவுண்டுகூடத் தேறாது. பேட்டரியின் உத்தரவாதமோ பெரும்பாலும் பத்து ஆண்டு.

அதே பேட்டரியை இரவுச் சலுகையில் நிரப்பிப் பாருங்கள். இழப்பைச் சேர்த்து 5.5 யூனிட்டுக்கு 44 பென்ஸ் கொடுத்து, மறுநாள் 1.25 பவுண்டு மின்சாரத்தைத் தவிர்க்கலாம். நாளுக்கு 80 பென்ஸ், ஆண்டுக்கு 290 பவுண்டு. டிசம்பரிலும் இது குறையாது. வெயில் மின்சாரத்தை 12 பென்ஸுக்கு விற்றுவிட்டு, 8 பென்ஸுக்கு இரவில் வாங்குவதே கெட்டிக்காரத்தனம். கூரையில் மரநிழலோ, ஓடு பழையதோ என்றால் பேனலே இல்லாமல் பேட்டரி மட்டும் வைக்கலாம், சாரமும் வேண்டாம். தனி இன்வெர்ட்டரோடு (டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் பெட்டி) 3,500 பவுண்டு ஆனால் பன்னிரண்டு ஆண்டு பிடிக்கும், அது இழுபறிதான். பல இரவுச் சலுகைகள் மின்கார் உள்ள வீட்டுக்கு மட்டும் என்பதை முதலில் பாருங்கள். கிரேட் பிரிட்டனில் பேனலுக்கும், 2024 பிப்ரவரி முதல் தனி பேட்டரிக்கும், 2027 மார்ச் 31 வரை மதிப்புக் கூட்டு வரி (VAT) பூஜ்யம்.

நல்ல கூரையும் இரவுச் சலுகையும் சேர்ந்த வீட்டுக்கு இரண்டையும் போடச் சொல்வோம்: 9,500 பவுண்டுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 850 பவுண்டு. இரவுச் சலுகை கிடைக்காத வீட்டுக்குப் பேனல் மட்டும் போதும்.

வேலை கெடும் இடங்களும் உண்டு. குளிரில் பேனலின் வோல்ட்டேஜ் ஏறும். 25 டிகிரியில் 530 வோல்ட் காட்டும் பேனல் வரிசை, மைனஸ் 15 டிகிரி காலையில் 585ஐத் தொடும். இன்வெர்ட்டரின் எல்லை 600 என்றால் இன்னொரு பேனலுக்கு அங்கே இடமில்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. சூடாகாத கராஜில் வைப்பதானால் உள்ளே ஹீட்டர் உள்ள மாதிரி வேண்டும். கூரைக்கடியில் உள்ள லாஃப்டில் வைக்காதீர்கள், 2024இல் வந்த பாஸ் 63100 (PAS 63100) தீப்பாதுகாப்பு வழிகாட்டி அதை விலக்குகிறது. ஒரு பேஸுக்கு 3.68 கிலோவாட் வரை இன்வெர்ட்டர் மாட்டிவிட்டு 28 நாளுக்குள் மின்வலை நிறுவனத்துக்குத் தெரிவித்தால் போதும். அதற்கு மேல் என்றால் முன் அனுமதி வேண்டும், பேட்டரியின் இன்வெர்ட்டரும் இந்தக் கணக்கில் சேரும். எம்சிஎஸ் (MCS) என்ற, பொருத்தும் வேலைக்கான தரச் சான்றிதழை வாங்காமல் பணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். மின்சாரத்தை விற்க அதைக் கேட்பார்கள். புறாக்கள் பேனலுக்கடியில் கூடு கட்டும். சாரம் நிற்கும்போதே ஓரத்தில் வலை அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிறகு வலைக்காகவே இன்னொரு சாரம் எழுப்ப வேண்டி வரும்.

கொட்டேஷனில் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்க்காமல் மாதவாரியாகக் கேளுங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ் (PVGIS) இணையதளம் உங்கள் கூரைக்கு அதை இலவசமாகக் காட்டும். லண்டனில் இந்த அளவுக்கு டிசம்பரில் 100 முதல் 130 யூனிட்தான் வரும். 200 என்று எழுதித் தருபவர் உங்கள் ஜன்னலில் நின்று முஷ்டியை நீட்டிப் பார்க்கவில்லை.