தண்ணீருக்குள் இருந்தும் நனையாத புரோப்: எட்டு வருட அனுபவம்

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்கள் ஷெட்டுக்குள் ஒரு டேங்க் இருக்கிறது. இரண்டரை மீட்டர் நீளம், இடுப்பளவு ஆழம். காசிமேடு பக்கத்தில் இருப்பதால், எட்டிப் பார்க்கிறவர்கள் மீன் வளர்க்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்குள் இறங்குவதெல்லாம் ஃபோர்ஜிங் ரிங், ஃபிளாஞ்ச், டிஸ்க் என்று இரும்புச் சாமான்கள். மணலி, எண்ணூர் பக்கம் ஃபேப்ரிகேஷன் செய்பவர்கள் கொண்டுவந்து இறக்குவார்கள். உள்ளே விரிசலோ பொத்தலோ இருக்கிறதா என்று அல்ட்ராசானிக்கில், அதாவது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, பார்த்து ரிப்போர்ட் தருவது என் வேலை.

2017-ல் குறையை ஸ்க்ரீனில் காட்டும் ஒரு கையடக்க ஃப்ளா டிடெக்டரும், தண்ணீருக்குள் இருந்து ஒலியை அனுப்பி வாங்கும் இரண்டு இம்மர்ஷன் புரோபும் வாங்கினேன். ஒன்று 5 மெகாஹெர்ட்ஸ், அரை அங்குல முகம். இன்னொன்று 10 மெகாஹெர்ட்ஸ், கால் அங்குலம். கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் பாதிக் குறைகள் எந்தக் கம்பெனி புரோப் வாங்கினாலும் உண்டு.

கான்டாக்ட் டெஸ்டிங் மட்டும் செய்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே ஜாப் (சோதிக்க வந்த சாமான்) மேல் கிரீஸோ எண்ணெயோ தடவி புரோபை அழுத்தித் தேய்க்கிறோம். இங்கே ஜாப் தண்ணீருக்கு அடியில் கிடக்கும், புரோப் அதைத் தொடாமல் மேலே தொங்கும். நடுவில் இருக்கும் தண்ணீர்தான் ஒலியைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறது. கை அழுத்தம் கூடக் குறைய ஆகும் தொல்லை இல்லை, புரோபும் தேயாது. கேட்க ஷோக்காகத்தான் இருக்கும்.

முதல் மாதம் அழுதுவிட்டேன். ஸ்க்ரீன் முழுக்க எக்கோ, பட்டுத் திரும்பும் ஒலியின் கோடுகள். கூட இருந்த காசிமேட்டுப் பையன், "இன்னாண்ணே, ஒரே முள்ளா கீது?" என்றான். மீன்கார வீட்டுப் பிள்ளை, சரியாகத்தான் சொன்னான். அந்த டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் குழாயிலிருந்து பிடித்த தண்ணீரில் கரைந்திருந்த காற்று, இரும்பின் மேலும் புரோப் முகத்திலும் கடுகு கடுகாய்க் குமிழியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அல்ட்ராசானிக்குக்குக் காற்று என்பது சுவர். ஊசிமுனை அளவு குமிழி போதும், பெரிய விரிசல் போலக் காட்டும். முகம் முழுக்கப் படலமாக ஒட்டினால் இதற்கு நேர்மாறாக, புரோப் செத்துவிட்டதா என்று சந்தேகம் வரும் அளவுக்கு ஒன்றுமே காட்டாது.

கணக்காகச் சொன்னால், நல்ல நிலையிலேயே தண்ணீரிலிருந்து ஸ்டீலுக்குள் நுழையும் ஒலியின் சக்தி நூற்றுக்குப் பன்னிரண்டுதான். திரும்பி வெளியே வரும்போது அதிலும் பன்னிரண்டு சதவீதம். நூறு ரூபாய் கொடுத்தனுப்பினால் ஒன்றரை ரூபாய் கைக்கு வரும். அந்த ஒன்றரையிலும் குமிழி பங்கு கேட்டால் மிச்சம் என்ன இருக்கும்?

இதற்கு மருந்து ரொம்ப மலிவு. முந்தின நாள் சாயங்காலமே டேங்கை நிரப்பி ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். காலையில் ஒரு ரூபாய் ஷாம்பு சாஷே ஒன்றைக் கிழித்து, நுரை எழும்பாமல் மெதுவாகக் கலக்க வேண்டும். ஷாம்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் அது இரும்பின் மேல் பரவி ஒட்டும். அப்புறம் ஜாப் மேலும் புரோப் முகத்திலும் விரலால் ஒரு தடவு தடவிவிட்டு ஆரம்பிக்கலாம். எங்கள் பகுதி போர் தண்ணீர் உப்பு, அதில் டேங்கும் துருப்பிடிக்கும், கஸ்டமர் ஜாபும் துருப்பிடிக்கும். அதனால் லாரித் தண்ணீர்தான். புரோபை விடத் தண்ணீருக்குத்தான் இந்த எட்டு வருடத்தில் அதிகம் செலவழித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரியின் அண்ணன் கல்பாக்கத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு பொங்கலுக்கு வந்தபோது ஷெட்டைப் பார்க்க வேண்டும் என்றார். நான் ஷாம்பு ஊற்றுவதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்ள, எங்களுக்கும் இதே தலைவலிதான். என்ன, உங்க டேங்க்ல கையை விடலாம், எங்களுதுல விட முடியாது" என்றார்.

அவர் சொன்னது சோடியம். கல்பாக்கத்தில் இருக்கும் வேக ஈனுலைகள் என்னும் அணு உலைகளில் வெப்பத்தைக் கடத்துவது தண்ணீர் இல்லை, உருகிய சோடியம். 98 டிகிரியில் உருகும், 883 டிகிரியில்தான் கொதிக்கும். 500 மெகாவாட் உலையின் முதல்நிலைச் சுற்றில் மட்டும் 1100 டன்னுக்கு மேல். பளபளவென்று பாதரசம் போல இருக்கும், ஒளி ஊடுருவாது. கேமராவை உள்ளே விட்டால் வெறும் இருட்டு. காற்றும் தண்ணீரும் பட்டால் தீப்பிடிக்கும் என்பதால் மேலே ஆர்கான் வாயுவை நிரப்பி மூடி வைத்திருப்பார்கள். இதற்குள் மூழ்கியிருக்கும் எரிபொருள் கட்டுகளின் தலை நேராக இருக்கிறதா, ஏதாவது மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசானிக் ஒன்றுதான் கண்.

பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கல்பாக்கத்திலேயே பாடம் இருக்கிறது. அங்கே இருக்கும் சிறிய சோதனை உலை 1985 அக்டோபரில் முதன்முதலாக இயங்கியது. 1987-ல் எரிபொருளை இடம் மாற்றும்போது உள்ளே இடித்து வழிகாட்டிக் குழாய் வளைந்துபோய், சரிசெய்து மறுபடி ஓட்ட இரண்டு வருடம் ஆனது. அதனால்தான் பெரிய உலையில், மேல் மூடியைச் சுழற்றி எரிபொருளை மாற்றுவதற்கு முன்னால், பக்கவாட்டில் பார்க்கும் புரோபும் கீழ்நோக்கிப் பார்க்கும் புரோபும் வைத்த ஒரு ஸ்கேனரைச் சோடியத்துக்குள் இறக்கி, வழியில் தடங்கல் இல்லையே என்று பார்க்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள்.

சரி, அங்கே ஷாம்புக்கு என்ன செய்வது? சோடியத்தில் இருக்கும் சிக்கலே இதுதான். 200 டிகிரியில் சோடியம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அவ்வளவு எளிதில் நனைக்காது. சேப்பங்கிழங்கு இலை மேல் தண்ணீர் நிற்பதுபோல, இரும்பின் ஆக்சைடுத் தோல் மேல் ஒட்டாமல் நிற்கும், இடுக்கில் வாயு மாட்டிக்கொள்ளும். என் டேங்க்கில் நடந்த அதே கதை. சூட்டை நன்றாக ஏற்றிப் பல மணி நேரம் ஊறவிட்டால் சோடியமே அந்த ஆக்சைடைத் தின்றுவிட்டு நனைக்கும். ஆனால் புரோபுக்குள் ஒலியை உண்டாக்கும் படிகத்துக்கு அந்தச் சூடு ஆகாது. சாதாரண பிஇசட்டி படிகம் 350 டிகிரிப் பக்கம் போனால் தன் குணத்தையே இழந்துவிடும். நனைய வேண்டுமென்றால் சூடு வேண்டும், சூடு ஏறினால் புரோப் செத்துவிடும். இதற்காகத்தான் முகத்துக்கு நிக்கல் வைத்துக் கண்ணாடி போல மெருகேற்றுவது, மேலே மெல்லியதாகத் தங்கம் பூசுவது போன்ற வழிகள் வந்தன. தங்கம் சோடியத்தில் உடனே கரையும், கரைந்த இடத்தில் சோடியம் ஒட்டிக்கொள்ளும். என் ஒரு ரூபாய் சாஷேக்கு அங்கே தங்கம். மச்சானிடம் இதைச் சொன்னபோது மறுபடி சிரித்தார்.

அதற்கப்புறம் என் டேங்க்கை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. சோடியத்துக்கான ஸ்கேனரை முதலில் தண்ணீர்த் தொட்டியில் வைத்துத்தான் பழகுவார்களாம். சோடியத்தின் அடர்த்தியும் ஓடும் தன்மையும் கிட்டத்தட்ட தண்ணீர் போலவே. ஒலி வேகம் மட்டும் வேறு: தண்ணீரில் விநாடிக்குச் சுமார் 1480 மீட்டர், 200 டிகிரி சோடியத்தில் 2460 பக்கம். இம்மர்ஷனில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் விதி, தண்ணீர்த் தூரம் (புரோபுக்கும் ஜாபுக்கும் நடுவே இருக்கும் தூரம்) ஜாப் தடிமனில் கால் பங்குக்குக் குறையக் கூடாது என்பது. ஸ்டீலில் ஒலி நான்கு மடங்கு வேகமாக ஓடுவதால், கிட்டே வைத்தால் மேற்பரப்பின் இரண்டாவது எக்கோ அடிப்பரப்பு எக்கோவுக்கு முன்னால் வந்து குழப்பும். அதே விதியைச் சோடியத்தில் போட்டால் கால் பங்கு பத்தாது, ஐந்தில் இரண்டு பங்காவது வேண்டும். தண்ணீரில் 19 டிகிரி சாய்த்தால் ஸ்டீலுக்குள் 45 டிகிரியில் ஷியர் அலை (குறுக்கலை) போகும். சோடியத்தில் அதே 45 வேண்டுமானால் 33 டிகிரிப் பக்கம் சாய்க்க வேண்டும். வேலை இல்லாத மத்தியானங்களில் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது.

இன்னொரு வேடிக்கை. சூடானால் சோடியத்தில் ஒலி மெதுவாகும், டிகிரிக்குக் கிட்டத்தட்ட அரை மீட்டர். நம் தண்ணீரில் தலைகீழ், டிகிரிக்குச் சுமார் இரண்டரை மீட்டர் கூடும். எங்கள் தகர ஷெட்டில் மே மாதம் காலையில் வைத்த செட்டிங், மத்தியானம் மூன்று மணிக்குச் செல்லாது. 150 மில்லிமீட்டர் தண்ணீர்த் தூரத்தில் எக்கோ எல்லாம் சீக்கிரமே வந்து, அடிப்பரப்பு எக்கோ முன்னால் நகர்ந்து, குறையைத் தேட ஸ்க்ரீனில் குறித்து வைத்த கேட்டுக்குள் எட்டிப் பார்க்கும். இதில் ஒரு நல்ல ரிங்கை ரிஜெக்ட் செய்துவிட்டு, மறுநாள் கஸ்டமரிடம் போய் அசடு வழிந்தேன். மேற்பரப்பு எக்கோவையே தொடக்கமாக எடுத்துக்கொள்ளும் வசதி மெஷினில் உண்டு, ஆனால் அதற்குத் தனியாகப் பணம் கட்டித் திறக்க வேண்டும். வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. நீங்கள் வாங்கினால் முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்.

மெஷின் மேல் வேறு பெரிய புகார் இல்லை. பேட்டரி முதல் மூன்று வருடம் ஒரு ஷிஃப்ட் தாங்கியது, இப்போது பாதி. வெயிலில் ஸ்க்ரீன் தெரியாது, துண்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

5 மெகாஹெர்ட்ஸ் புரோப் இரண்டு தடவை மாறியிருக்கிறது. முதலாவது, கோடையில் பூட்டிய காருக்குள் பெட்டியோடு விட்ட என் முட்டாள்தனம். இந்தப் புரோப்கள் 50 டிகிரிக்கு மேல் தாங்காது. படிகத்துக்கும் பின்னால் இருக்கும் பேக்கிங்குக்கும் நடுவே பசை விட்டுப்போனது. அடையாளம் சொல்கிறேன்: முதல் பல்ஸ் வால் நீண்டு மணி அடித்த மாதிரி அதிர்ந்துகொண்டே இருக்கும், கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) கூட்டினால் இன்னும் மோசமாகும். சோடியத்துக்குள் போகும் புரோபில் இந்தப் பசையே கிடையாது, படிகத்தைச் சாலிடர் வைத்தோ உலோகத்தோடு அழுத்தி இணைத்தோ பிடிப்பார்கள் என்று பின்னால் தெரிந்தபோது, கார் ஞாபகம்தான் வந்தது.

இரண்டாவது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். ஷெட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மெஷினை முன்கூட்டியே வீட்டு மாடியில் வைத்துவிட்டேன். 'தண்ணீருக்குள் போகிற சாமான்தானே' என்று புரோபைக் கேபிளோடு அலமாரியின் கீழ்த்தட்டில் விட்டேன். புரோப் தாங்கியது. கனெக்டருக்குள் சாக்கடை கலந்த உப்புத் தண்ணீர் ஏறி உள்ளே பச்சையாகப் பூத்துவிட்டது. சுத்தம் செய்தும் இரைச்சல் போகவில்லை. தண்ணீர் புகாதது முகமும் உடம்பும் மட்டும்தான். கழற்றி வைத்த கனெக்டர் புகும். தினமும் வேலை முடிந்ததும் அதைத் துடைத்து மூடி போட்டு வையுங்கள்.

டேங்க்குக்கு வெளியே ஒரே ஒரு தடவை வேலை செய்தேன். எண்ணூர் கழிமுகப் பக்கம் ஒரு சின்ன ஜெட்டியின் இரும்புத் தூண்களில் தடிமன் அளக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த தடிமன் கேஜ், நீளக் கேபிள். கீழே முங்கும் அண்ணன் சிப்பியைச் சுரண்டிவிட்டு புரோபை வைப்பார், மேலே படகில் உட்கார்ந்து நான் எண்ணைப் படிப்பேன். அந்தச் சாம்பல் கலங்கலில் அவருக்குத் தன் கையே தெரியவில்லை. தடவித் தடவித்தான் தூணைக் கண்டுபிடித்தார். "கண்ண தொறந்தாலும் ஒண்ணுதான், மூடுனாலும் ஒண்ணுதான்பா" என்றார். பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் இரும்பை மட்டும் அளக்கும் மூன்று எக்கோ முறை இருந்ததால் பிழைத்தேன். இருந்தும் பாதி இடங்களில் எண் வரவில்லை. துருப்பிடித்துக் குழிவிழுந்த இடத்தில் எக்கோ சிதறிப்போகும். எண் வராத இடங்களையும் ரிப்போர்ட்டில் அப்படியே எழுதிக் கொடுத்தேன். கஸ்டமருக்குப் பிடிக்கவில்லை, பாக்கியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மாதம் நாலைந்து ஜாப்தான் என்றால் வேண்டாம், கிரீஸும் கான்டாக்ட் புரோபும் போதும். தினமும் ஒரே மாதிரி ரிங் வருகிறது என்றால் டேங்க் கட்டுங்கள். ஆனால் புரோபை நிறுத்திச் சாய்க்கும் ஸ்டாண்டுக்குக் காசு ஒதுக்காமல் கட்டாதீர்கள். நான் முதல் வருடம் பிவிசி பைப்பில் கட்டி ஓட்டியது, ஒரு டிகிரி ஆட்டத்தில் எக்கோ காணாமல் போய்ப் பட்ட பாடு தனிக் கதை. 5 மெகாஹெர்ட்ஸ் ஒன்று வாங்கினால் போதும். 10 மெகாஹெர்ட்ஸ் புரோப் ஃபோர்ஜிங்கின் கரடுமுரடான பரப்பில் பாதி சிக்னலைத் தொலைத்துவிடும். எட்டு வருடத்தில் அதை ஆறு தடவை எடுத்திருப்பேன். போன வாரம் மச்சான் ஃபோன் செய்தபோது அதை என்ன செய்யலாம் என்று கேட்டேன். "நல்லா தொடைச்சி, சூடு படாம வை மாப்ள" என்றார். பீரோவில் வேட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.