இருவர் பேசும் காட்சி: ஒரு கேமராவா, இரண்டு கேமராவா?

இரண்டாவது கேமரா கிடைத்தால் பாதி நேரத்தில் முடித்துவிடலாம் என்று குறும்படம் எடுக்கும் பலர் கணக்குப் போடுகிறார்கள். மேசைக்கு இருபுறமும் இருவர் உட்கார்ந்து பேசும் காட்சியில் அந்தக் கணக்கு பெரும்பாலும் பலிப்பதில்லை. காரணம் லைட்டிங்.

ஒரே கேமராவில் எடுக்கும்போது முதலில் மாஸ்டர், அதாவது இருவரும் தெரிய முழுக் காட்சியையும் எடுக்கும் ஷாட். பிறகு ஒரு பக்கம் பார்த்த சஜஷன் (ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவர் முகம்), க்ளோசப் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் கேமராவையும் விளக்குகளையும் மறுபக்கம் திருப்ப வேண்டும். க்ளோசப் வரும்போது விளக்கை ஃப்ரேம் ஓரம் வரை நெருக்கி, முன்னால் வெள்ளைத் துணி கட்டி, வெளிச்சத்தைத் திருப்பியடிக்க எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் பிடித்தால் முகம் மென்மையாக வரும். கம்பில் நீட்டிப் பிடிக்கும் பூம் மைக்கும் வாய்க்கு இரண்டடி தூரத்துக்குள் வந்துவிடும்.

எதிரெதிரே இரண்டு கேமரா வைத்தால் இதில் எதுவும் எளிதில்லை. ஒருவர் முகத்துக்கான முக்கிய விளக்கையே (கீ லைட்) மற்றவருக்குப் பின்னாலிருந்து விழும் பேக் லைட் ஆக்கலாம்தான். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் ஸ்டாண்டை எங்கே ஒளிப்பது? ஒரு கேமரா மற்றதன் ஃப்ரேமில் விழாமலிருக்க இரண்டையும் விலக்கி வைப்பார்கள். நடிகர் பார்க்கும் திசை (லுக்) லென்ஸை விட்டு விலகி, முகம் பக்கவாட்டில் போய், கண் பாதிதான் தெரியும். 1951-ல் 'ஐ லவ் லூசி' தொடரை மூன்று ஃபிலிம் கேமராக்களில் எடுத்தபோது, ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ன்ட் விளக்குகளை மேலே தொங்கவிட்டு அரங்கு முழுக்கச் சீராக வெளிச்சம் போட்டார். நகைச்சுவைக்கு அது பொருந்தியது. நிழல் கேட்கும் காட்சிக்குப் பொருந்தாது.

ஒரு கேமராவின் பெரிய தலைவலி கன்டினியூட்டி, அதாவது ஷாட்டுக்கு ஷாட் அசைவும் பொருளும் மாறாமல் பார்த்துக்கொள்வது. அதே வசனத்தை ஐந்தாறு முறை பேச வேண்டியிருக்கும். "வீட்டை விக்கப் போறேன்" என்பதில் மாஸ்டரில் 'வீட்டை' என்னும்போது டீ கிளாஸைத் தூக்கியவர், க்ளோசப்பில் 'போறேன்' என்னும்போது தூக்கினால் எடிட்டரால் அந்த இடத்தில் வெட்டவே முடியாது. எந்தச் சொல்லில் கை எழுகிறது என்பதை மாஸ்டரிலேயே முடிவுசெய்து ஸ்கிரிப்டில் குறித்துவிடுங்கள். டீயின் அளவை ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் போட்டோ பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தை நம்பி எடுப்பதானால் ஜன்னல் தெரியும் பக்கத்தை முதலில் முடியுங்கள். வெயில் யாருக்காகவும் காத்திருக்காது.

மறுபக்கம் திரும்பும்போது லுக் தவறுவதும் அடிக்கடி நடக்கும். முதலாமவர் கேமராவுக்கு வலப்பக்கம் பார்த்தால் இரண்டாமவர் இடப்பக்கம் பார்க்க வேண்டும். லென்ஸ், தூரம், உயரம் மூன்றும் இருபக்கமும் ஒன்றாக இருக்கட்டும்: அங்கே 50 மி.மீ. என்றால் இங்கேயும் 50.

க்ளோசப்பில் ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் பேசக் கூடாது. இடைவெளி விட்டுப் பேசினால் எடிட்டிங்கில் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றிக்கொள்ளலாம். இரண்டு கேமராவின் உண்மையான பலம் தெரிவதும் இங்கேதான். ஒருவரை ஒருவர் வெட்டிப் பேசும் சண்டை, சொன்னதைத் திரும்பச் செய்யாத குழந்தை, ஒரே முறை உடையும் கண்ணாடி: இவற்றுக்குத் தயங்காமல் இரண்டாவதை வையுங்கள்.

வைப்பதானாலும் எதிரெதிரே வேண்டாம். ஒரே பக்கத்தில், அருகருகே, ஒன்றில் அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸ், மற்றதில் நெருக்கிக் காட்டும் 85. லைட்டிங் ஒன்றே போதும். வைட் ஃப்ரேமுக்காக பூம் உயரே போய்விடுவதால் சட்டைக்குள் மாட்டும் சின்ன லேப்பல் மைக் ஒன்று கட்டாயம். இரண்டிலும் நிறத்தைத் தானே மாற்றும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைத்து ஒரே கெல்வின் (வெளிச்சத்தின் நிற அளவு) எண் வையுங்கள். வேறு வேறு கம்பெனி கேமரா என்றால் அப்போதும் தோல் நிறம் ஒட்டாது. பிறகு நிறத்தைச் சரிசெய்யும் கலர் கிரேடிங்குக்குக் கூடுதல் நாள் ஒதுக்க வேண்டும். எடிட்டிங்கில் படங்களையும் ஒலியையும் பொருத்த, ஒவ்வொரு டேக்குக்கும் இரண்டு கேமராவிலும் தெரியும்படி கிளாப் அடிக்க வேண்டும்.

எத்தனை கேமரா ஆனாலும் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 விநாடி. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60 வைத்தால் டியூப்லைட் மினுங்கும். விளக்குகளை அணைப்பதற்கு முன், எல்லோரையும் அசையாமல் நிறுத்தி அறையின் வெறும் ஒலியை 30 விநாடி பதிவுசெய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே விழும் ஓட்டைகளை அடைக்க எடிட்டர் அதைத்தான் தேடுவார்.